தாமதம் யாருடையது?

சக்ரபாணிக்கு அந்த வாரம் முழுக்க ஒரே ஆசைதான். அந்த விளையாட்டு மோசமாக இருக்க வேண்டும்.

விமர்சனம் எழுதுகிறவருக்கு வரக் கூடாத ஆசை. அதுவும் சக்ரபாணிக்கு வரவே கூடாது. திரையில் இருவர் எதிரெதிரே நின்று மோதிக்கொள்ளும் சண்டை விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் உருப்படியாக எழுதுகிறவர் யார் என்று கேட்டால், அந்தச் சின்ன உலகத்தில் முதலில் வரும் பெயர் அவருடையதுதான். சின்ன உலகம் என்றாலும் பெயர் பெயர்தானே.

பகலில் அவருக்குப் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, இன்ஸ்பெக்ஷன் பிரிவு. விமானத்துக்குள் போகிற பொடிப்பொடிப் பாகங்களை அளந்து பார்த்து, தேறியதை இந்தப் பக்கமும் தேறாததை அந்தப் பக்கமும் வைக்க வேண்டும். மாலையில் சைனிக்புரி வீட்டு மாடியறையில், மடியில் ஸ்டிக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஸ்டிக் என்பது ஒரு பெட்டி. இடது கைக்கு ஒரு கைப்பிடி, வலது கைக்கு வரிசையாகப் பட்டன்கள். நாற்பத்தாறு வயது மனிதர் அதைக் குழந்தையைப் போல மடியில் வைத்திருப்பதைப் பார்த்து, வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்வதில்லை.

இந்த ஆட்டக்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தோற்றால் அவர்கள் தோற்கவில்லை. லேக். அதாவது, பட்டனை அமுக்கியது சரியான நேரத்தில்தான், விளையாட்டுதான் தாமதமாகக் கேட்டது. டி.வி. சரியில்லை, கேபிள் சரியில்லை, நெட் சரியில்லை, விளையாட்டைச் செய்தவனுக்கு மூளை சரியில்லை. தன் விரலைத் தவிர உலகத்தில் எல்லாமே சரியில்லை. இதே பழக்கம் விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும் ஒட்டிக்கொண்டதைப் பார்த்துச் சக்ரபாணிக்குப் பொறுக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு கட்டுரை எழுதி எல்லோரையும் காய்ச்சி எடுத்தார்.

தோற்ற சூட்டோடு எழுதாதே, போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்று அதில் எழுதியிருந்தார். ஒரு வீரனுக்குப் பலம் அதிகம் என்று குற்றம் சொல்வதற்கு முன், அந்த வீரனை நீயே எடுத்து ஆடித் தோற்றுப் பார் என்றும் எழுதியிருந்தார். தொழிற்சாலையில் ஒரு பாகம் அளவு தப்பாகத் தெரிந்தால், அதைக் கழித்துக் கட்டுவதற்கு முன் அளக்கிற கேஜை எடுத்துச் சோதிப்பார்கள். கேஜ் தேய்ந்திருந்தால் நல்ல பாகம் குப்பைக்குப் போய்விடும். அந்த வழக்கத்தைத்தான் அவர் விமர்சனத்துக்குக் கொண்டுவந்தார். "விளையாட்டில் தாமதம் என்று எழுதுவதற்கு முன் திரையை மாற்று. ஸ்டிக்கை மாற்று. கடைசியாக ஆளை மாற்று. விமர்சகனும் ஒரு கேஜ்தான்."

அந்தக் கடைசி வரியை ஊர் முழுக்கப் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவன் அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு படம்கூட அனுப்பினான். சக்ரபாணிக்கு அப்போது தலைகால் புரியவில்லை. இப்போது அந்த வரி அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

விளையாட்டின் பெயர் மல்லகளம். இதே ஊரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, இருந்த வேலையை விட்டுவிட்டுச் செய்தது. அதில் பைல்வான் என்று ஒரு வீரன். தொப்பையும் முறுக்கு மீசையுமாக நிற்பான். எதிராளியின் அடி வந்து விழுகிற அந்தக் கணத்தில் சரியாக ஒரு பட்டனைத் தட்டினால், அடியை அப்படியே தட்டிவிட்டு, ஆளைத் தலைக்கு மேல் தூக்கிப் போடுவான். கண்ணிமைக்கிற நேரம்தான் இருக்கும். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. இந்த மாதிரித் தட்டிவிடுவதில் சக்ரபாணி கெட்டிக்காரர். இருபது வருஷமாக அவர் விரலுக்குத் தெரிந்த வித்தை அது.

திங்கட்கிழமை அது வரவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல, ஒரு தடவைகூட வரவில்லை. அடி வருவது தெரிந்தது, அமுக்க வேண்டும் என்று தெரிந்தது, அமுக்கவும் செய்தார். பைல்வான் அடி வாங்கிக்கொண்டு கீழே விழுந்தான்.

'லேக்' என்று சக்ரபாணியின் வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது. சரி, திரை. டி.வி.யில் படத்தை மெருகேற்றும் வசதிகளையெல்லாம் அணைத்தார். வரவில்லை. ஆபீஸ் நண்பரிடமிருந்து வேகமான மானிட்டர் ஒன்றைக் கடன் வாங்கி வந்தார். அதிலும் வரவில்லை. ஸ்டிக்கை மாற்றி, பரணில் கிடந்த பழைய ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மாட்டினார். ஊஹும்.

அப்போதுதான் பயம் வந்தது.

அவருடைய அப்பா சாம்பசிவம் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். ஜோலார்பேட்டையிலிருந்து வந்து லாலாகூடா குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம். வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன்பே அவருக்குச் சட்டைப் பொத்தான் போடுவது கஷ்டமாகிவிட்டது. வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு திரிந்தார். கேட்டால் குளிர் என்பார், மே மாசத்திலும் குளிர் என்பார். மறைக்க முடியாத அளவுக்கு நடுக்கம் வந்த பிறகுதான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். பார்க்கின்சன் என்றார் டாக்டர். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே என்றும் சொன்னார்.

அதற்கப்புறம் அவரைப் பார்த்துக்கொண்டது யார்? சக்ரபாணியின் மனைவி ஸ்ரீலேகா. கல்யாணமாகி வந்த புதிது. மாமனாருக்கு ரசம் சாதம் ஊட்டினாள், பொத்தான் போட்டுவிட்டாள், ராத்திரி புரண்டு படுக்க முடியாமல் அவர் கூப்பிட்டால் எழுந்து போனாள். வருஷக்கணக்கில். அவர் போன பிறகு, "இனிமே இந்த வீட்ல யாருக்கும் அந்த நோய் வரக் கூடாது சாமி" என்று அவள் விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டதைச் சக்ரபாணி காதாலேயே கேட்டிருக்கிறார்.

அப்பாவுக்கு வந்தபோது ஐம்பது தாண்டியிருந்தது, எனக்கு இன்னும் ஆகவில்லையே என்று நினைத்துப் பார்த்தார். இப்படி நினைக்க ஆரம்பித்துவிட்டோமே என்பது இன்னும் பயமாக இருந்தது.

ஆகவே விளையாட்டு மோசமாக இருக்க வேண்டும். மல்லகளம் தாமதமான விளையாட்டாக இருந்தால் சக்ரபாணியின் கை நல்ல கை. மல்லகளம் நல்ல விளையாட்டாக இருந்தால்? அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

அவருக்கு ஆறுதலாக இருந்தது ஒன்றே ஒன்று. இணையத்தில் புகார்கள் குவிந்துகொண்டிருந்தன. 'பட்டன் லேட்', 'பைல்வான் தூங்குறான்', 'காசைத் திருப்பிக் குடு'. சாதாரணமாக இந்தப் புலம்பல்களைப் பார்த்தால் அவருக்கு எரிச்சல் வரும். இந்த வாரம் ஒன்று விடாமல் படித்தார். சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனில், கைபேசியை இடது கையில் பிடித்துக்கொண்டு படித்தார். வலது கை மேஜைக்கு அடியில் இருந்தது.

சனிக்கிழமை சென்னையிலிருந்து வெங்கட் பேசினான். சக்ரபாணி எழுதுகிற இணையதளத்தின் ஆசிரியர் அவன்.

"சார், மல்லகளம் என்னாச்சு? எல்லாரும் லேக் லேக்னு கத்திட்டிருக்காங்க. நீங்க அதையே சொன்னீங்கன்னா முடிஞ்சுது சார். உங்க பேருக்கு அப்புறம் யாரும் பேச மாட்டாங்க."

"லேட்டா இருக்கிற மாதிரிதான் தெரியுது."

"அப்ப எழுதிடுங்க சார். தலைப்புகூட வெச்சிட்டேன். 'தூங்கும் மல்லன்.' எப்படி?"

"நாளைக்கு ஒரு தடவை பாத்துட்டு அனுப்பறேன்."

"இன்னும் என்ன சார் பாக்கறது?"

இன்னும் என்ன? திரையை மாற்றியாயிற்று, ஸ்டிக்கை மாற்றியாயிற்று. பாக்கி இருப்பது ஆள். தாமதம் என்கிற சொல் சண்டை விளையாட்டுக்குச் சாவுமணி. அவர் எழுதினால் அந்த ஏழெட்டுப் பேரின் கதை அதோடு முடிந்தது. எழுதாமல் போய் ஆளை மாற்றிப் பார்த்தால், தன் கதை தெரிந்துவிடும். போகாமல் இருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால், ராத்திரி தூக்கம் சரியில்லை என்று மட்டும் சொன்னால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போலாரம் போனார். போகும் வழியில் வலது கை ஆக்சிலேட்டரைச் சரியாகத்தான் திருகியது. அதற்காக ஒரு சந்தோஷம். பிறகு, இதற்கெல்லாமா சந்தோஷப்படுவது என்று நினைத்துக் கண் கலங்கியது.

போலாரம் கடைத்தெருவில் அவருடைய பால்ய நண்பர் சலீமுக்குக் கைபேசி பழுதுபார்க்கும் கடை. குடும்பம் வாணியம்பாடி, ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் சக்ரபாணி இருந்த அதே ரயில்வே குவார்ட்டர்ஸில். ஞாயிறு காலை கடைக்கு மேல் இருக்கும் அறையில் ஆட்டக்காரர்கள் கூடுவார்கள். வங்கியில் வேலை பார்க்கிறவர், கல்லூரி வாத்தியார், ஆட்டோ ஓட்டுகிறவர் என்று எல்லாரும் உண்டு. அங்கே ஒரு வழக்கம். ஜெயித்தவர் நாற்காலியில் இருப்பார், தோற்றவர் எழுந்துகொள்ள வேண்டும். எழுவதற்கு முன் இருவரும் வலது கை முஷ்டியை நீட்டி ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு திட்டிக்கொண்டாலும் அதைச் செய்யாமல் எழக் கூடாது. சக்ரபாணி அன்றைக்குப் பயந்தது தோல்விக்கு அல்ல, அந்த முஷ்டிக்கு.

"ஆவோ மாமு, வா வா! விமர்சகர் வந்துட்டாரு!" என்றார் சலீம். "மல்லகளத்தை என்ன பண்ணப் போறே? நல்ல கேம்பா அது. கிழிச்சிடாதே."

"லேட்டா இல்ல உனக்கு?"

"நக்கோ மாமு, இல்லவே இல்ல. நல்லாத்தான் இருக்குது. எல்லாரும் சும்மா கத்தறானுங்க. பைல்வானைத் தட்டத் தெரியல, அதான்."

சக்ரபாணி தன் ஸ்டிக் பெட்டியை நீட்டினார். "நீ தட்டிக் காட்டு பாப்போம். என் ஸ்டிக்ல."

பயிற்சி அறை என்று விளையாட்டுக்குள்ளேயே ஓர் இடம் உண்டு. அங்கே ஒரு பொம்மை எதிராளி ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கும். சலீம் சக்ரபாணியின் ஸ்டிக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பொம்மை அடித்தது. தட்டினார். பைல்வான் அதைத் தூக்கிப் போட்டான். மறுபடி அடித்தது, மறுபடி தூக்கிப் போட்டான். சலீம் திரும்பி வாத்தியாரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இன்னும் இரண்டு தடவை தூக்கிப் போட்டார். சலீமுக்குச் சக்ரபாணியைவிட ஒரு வயது கூடுதல்.

"இப்ப நீ ஆடு."

சக்ரபாணி உட்கார்ந்தார். அதே திரை, அதே ஸ்டிக், அதே அடி. அமுக்கினார். பைல்வான் விழுந்தான். அமுக்கினார், விழுந்தான். அறையில் இருந்தவர்கள் மரியாதைக்காக வேறெங்கோ பார்த்தார்கள்.

"கைக்கு ஏன் இவ்ளோ டென்ஷன் மாமு? விரலை லூசா விடு," என்றார் சலீம்.

விரல் லூசாகவில்லை. மரத்துப்போனதுபோலவும் இல்லை, வலிக்கவும் இல்லை. சொன்னதைச் செய்தது, கொஞ்சம் பிந்திச் செய்தது, அவ்வளவுதான். வயசு என்று சொல்லிக்கொள்ளலாம். வயசானால் எல்லாருக்கும்தானே விரல் மெதுவாகும்? அந்த எண்ணம் வந்ததும் சக்ரபாணிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வயசு என்றால் இரண்டு கையும் மெதுவாக வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. அது அவருக்குத் தெரிந்தது. தெரிந்திருக்க வேண்டாம் என்று அப்போது அவர் எவ்வளவு ஆசைப்பட்டார்! அப்படியே எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சந்தேகம் வந்த கேஜைச் சோதிக்காமல் மேஜையில் வைத்துவிட்டுப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை.

வலது கையைத் தொடையின் மேல் வைத்தார். இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துக் குறுக்கே கொண்டுவந்து பட்டனின் மேல் வைத்தார். அந்தக் கை வாழ்நாளில் பட்டனைத் தொட்டதில்லை. பழக்கமே இல்லாத, பயிற்சியே இல்லாத கை.

பொம்மை அடித்தது. இடது கை தட்டியது. பைல்வான் தூக்கிப் போட்டான்.

மறுபடி அடித்தது. தூக்கிப் போட்டான். மறுபடியும்.

"ஹவ்! ஆகயா மாமு, வந்துடுச்சு!" சலீம் எழுந்து கை தட்டினார். "இடது கையாலயே தூக்கறான்பா! பாருங்கப்பா இவனை!" வாத்தியார் விசில் அடித்தார். அறையே சிரித்து ஆரவாரம் செய்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில், இது வயசு இல்லை என்று சக்ரபாணிக்குத் தெரிந்துபோனது. திரையில் பைல்வான் இரண்டு கைகளையும் தூக்கி வெற்றிக் கூத்தாடிக்கொண்டிருந்தான். தொடையின் மேல் இருந்த வலது கையைக் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் மட்டும், யாரோ பீடி உருட்டுவது மாதிரி, ஆள்காட்டி விரலோடு மெல்ல உரசிக்கொண்டிருந்தது. அவர் அதை அசைக்கவில்லை. அது தானாக அசைந்தது.

அப்பாவின் விரல் அப்படித்தான் அசையும்.

சக்ரபாணி எழப் போனார். சலீம் முஷ்டியை நீட்டினார். சக்ரபாணி இடது முஷ்டியை நீட்டினார். சலீம் சிரித்துக்கொண்டே அதைத் தொட்டார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, ஸ்டிக் பெட்டியை வாங்கி ஸ்கூட்டரில் தானே கட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சக்ரபாணி எழுத உட்கார்ந்தார். 'மல்லகளத்தில் தாமதம் இருக்கிறது' என்று அடித்தார். நல்ல வாக்கியம். எல்லாரும் கேட்க ஆசைப்படுகிற வாக்கியம். இதற்கு மேல் நாலு பத்தி எழுதினால் வெங்கட் தலைப்போடு போட்டுவிடுவான், ஸ்ரீலேகா நிம்மதியாகச் சமைத்துக்கொண்டிருப்பாள், வலது கை பாக்கெட்டுக்குள் போய்விடும். குளிர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவருக்கு அவ்வளவு பயமாக இருந்தது. நோயைக்கூட விட்டுவிடலாம், அதை அவளிடம் சொல்வதுதான் பயம். உண்மையை எழுதினால் சொன்ன மாதிரிதான், ஏனென்றால் அவர் எழுதுவதை முதலில் படிப்பது ஸ்ரீலேகா. அவளுக்கு ஸ்டிக்கில் எந்தப் பட்டன் எதற்கு என்றுகூடத் தெரியாது. ஆடத் தெரியாதவளுக்குப் புரிந்தால்தான் விமர்சனம் என்று அவரே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது. அவள் படித்துவிட்டுச் சரி என்றால்தான் அனுப்புவார்.

அடித்த வாக்கியத்தை அழித்தார். உண்மையை எழுத ஆரம்பித்தார். வலது கை எழுத்துகளைத் தவறவிட்டது, திருத்தித் திருத்தி எழுதினார். விளையாட்டின் நல்லதையெல்லாம் எழுதினார். அடி விழுகிற கணத்துக்கு முன்னால் பைல்வானின் மீசை லேசாகத் துடிப்பதையும், கவனிக்கிறவனுக்கு அது போதுமான எச்சரிக்கை என்பதையும் எழுதினார். குறைகளையும் எழுதினார். நெட்டில் ஆடும்போது ஆள் கிடைக்க நேரமாகிறது, புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பகுதி போதாது. பிறகு இதை எழுதினார்: "தாமதம் என்கிற புகார் பற்றி. எனக்கும் தாமதமாகத்தான் இருந்தது. திரையை மாற்றினேன், ஸ்டிக்கை மாற்றினேன், ஆளை மாற்றினேன். கடைசியில் கையை மாற்றினேன். தாமதம் விளையாட்டில் இல்லை. என் வலது கையில் இருக்கிறது. ஆகவே இந்த விளையாட்டில் தட்டிவிடுவதைப் பற்றி நான் சொல்வதை என் இடது கை சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்."

"லேகா," என்று கூப்பிட்டார். "முடிச்சிட்டேன். படிக்கிறியா?"

ஸ்ரீலேகா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எப்போதும்போல நாற்காலியின் பின்னால் நின்றபடியே படித்தாள். சக்ரபாணி திரையைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற ராணுவக்காரர் பைப்பைப் பிடித்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு உறுதியான கை என்று சக்ரபாணி பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்து அவள் கை நீண்டு வந்து, மௌஸை உருட்டிக் கடைசிப் பத்திக்குத் திரும்பப் போனது.

"ஏங்க," என்றாள் கடைசியில். "இது கடைசியில இருக்கே. முதல்லயே வெச்சிடுங்க. படிக்கிறவங்க தெரிஞ்சுக்கிட்டுப் படிக்கட்டும்."

"லேகா..."

"எனக்குத் தெரியும். தீபாவளிக்கு அப்புறம் நீங்க மேல் பொத்தானைப் போடறதே இல்ல. காலர் இறுக்குதுன்னீங்க. மாமா குளிருதுன்னு சொன்ன மாதிரி. நீங்களும் சொல்லாமலே இருந்துடுவீங்களோன்னு தினம் பயந்துட்டிருந்தேன். எனக்குக் கேக்கவும் பயம்."

மேஜைக்கு அடியிலிருந்த அவர் வலது கையை அவள் குனிந்து எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரல் அவள் உள்ளங்கைக்குள் அசைந்தது. அவள் விடவில்லை.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம். மாமாவை லேட்டாத்தான் கூட்டிட்டுப் போனோம்."

சக்ரபாணி தலையாட்டினார்.

கண்ணீர் வழிய நின்றவள், அவருக்கு ஏதாவது பேச்சுக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"கேம் எப்படிங்க இருக்கு? நல்லா இருக்கா?"

வாரம் முழுக்க அவர் பயந்துகொண்டிருந்த கேள்வி அது.

"நல்லா இருக்கு லேகா," என்றார். "ரொம்ப நல்லா இருக்கு." சொல்லிவிட்டு, அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.